ஆயாவின் உதடும் ஆயாவின் குரலும்

(பழைய ஒலி, ஒளி நாடாக்களை மீட்பது பற்றித் திண்டிவனத்தில் நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேங்க் லோன் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வீடியோ கேசட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இந்தத் தொழில்நுட்பத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. எங்க ஆயாவுக்காக நாலு மாசம் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது. அந்தத் தப்புகளைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். உங்க வூட்டுப் பரணிலேயும் இப்படி ஒரு கேசட்டு கிடக்கும். அதை எடுக்கும்போது இந்தத் தப்புகளை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

1996 ஏப்ரல் 14. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, நிலத்து வில்லங்கம் இன்னும் தீரவில்லை. எனக்கு அப்போ எட்டு வயசு. அந்தக் காலத்தில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசாத கூட்டமே கிடையாது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம்ம சாதிகளுக்கு வெளியே கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறியது உங்களுக்கே தெரியும். 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அது நடந்து ஒண்ணரை வருஷத்தில்தான் எங்கள் கூட்டம்.

கூட்டத்தில் எங்க ஆயா பேசுச்சு. அதுக்கு முன்னால் மைக்கைக் கையால் தொட்டதில்லை. தலைவர்கள் எல்லாம் பேசி முடித்தபிறகு, "நெலம் எங்க இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே, நான் சொல்றன்"னு மேடை ஏறிடுச்சு. அந்த நிலத்தில் அதனுடைய மாமனார் கமலை இறைத்திருக்கிறார். எந்தப் பக்கம் எதுவரைக்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னது. "மேக்க ஏரிக்கரை. வடக்க தோ அந்த வாய்க்கா. கெழக்க ஒத்தப் பனமரம். தெக்க களத்துமேடு." நாலு மூலைக்கும் நாலு தடவை கை போனது. அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் திரும்ப விளக்கியது. இதை விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீடியோக்காரர் படம் எடுத்தார். எங்க மாமா கல்யாணத்துக்கு வாங்கிய வி.எச்.எஸ். கேசட்டில் மிச்சம் இருந்த நாடா அது.

2004-இல் எங்க வூட்டு டெக் கெட்டுப் போச்சு. டவுனில் ஒரு கடையில் கேசட்டுகளை எல்லாம் சி.டி.யாக மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றினவர் கல்யாணத்துக்கு சினிமாப் பாட்டு போட்டார், சரி. கூட்டத்துக்கும் போட்டுவிட்டார். 'ஒரு கெழவி பேசிக்கினே இருக்குது, போரடிக்கும்' என்று அவர் நினைத்திருக்கலாம். ஆயா பஞ்சமி நிலத்தின் எல்லையைக் காட்டுகிறது, பின்னால் டூயட் பாட்டு ஓடுகிறது. கை மேற்கே போகும்போது தபேலா, கிழக்கே போகும்போது வயலின். எங்க வூட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஆயாவும் வெட்கப்பட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போ எனக்குப் பதினாறு வயசு. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு பேச எனக்கு மனசு வரவில்லை.

ஆயா 2009-இல் போய்ச் சேர்ந்தது. பனைமரத்தை அதற்கும் முன்பே வெட்டியாச்சு. வாய்க்காலைத் தூர்த்தாச்சு. களத்துமேட்டில் கட்டடம் வந்தாச்சு. நிலத்துக்காக மனு எழுத உட்கார்ந்தபோது, எல்லை எது என்று சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் பரணில் இருந்த பழைய கேசட்டு நினைவுக்கு வந்தது.

எடுத்துப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. திண்டிவனத்தில் டி.வி. மெக்கானிக்காக இருக்கிற நண்பர் ஒருவர் முதலில் சொன்னது: "இத டெக்ல போட்டுடாதீங்க, டெக்கும் போயிடும், நாடாவும் போயிடும்." வெயிலில் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் காயவைத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த மென்துணியால் துடைத்தபடியே கையால் சுற்றினார். வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றினார். அப்புறம்தான் ஓட்டினோம். படம் வரவில்லை, திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆனால் குரல் வந்தது. ஆயாவின் குரல், கரகரப்போடு.

ஏன் அப்படி? வி.எச்.எஸ். நாடாவில் படமும் ஒலியும் வேறு வேறு இடத்தில் எழுதப்படுகின்றன. படத்தை, சுழலும் உருளையில் இருக்கிற தலை சாய்கோடுகளாக எழுதுகிறது. சாதாரண ஒலியை, அசையாமல் நிற்கிற இன்னொரு தலை நாடாவின் ஓரத்தில் நீளவாக்கில் எழுதுகிறது. ஒரே கணத்தின் உதடும் குரலும் நாடாவில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தள்ளித்தான் கிடக்கும். நாடா நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் போல ஓடுவதால், அது மூணு நொடிக்கு மேற்பட்ட தூரம். இரண்டு தலைகளும் அதே இடைவெளியில் இருப்பதால் டெக் அவற்றைச் சேர்த்துக் காட்டுகிறது. பூஞ்சை படத்தின் தலையை அடைத்துவிட்டால் படம் போகும், ஓரத்து ஒலி பிழைத்துக்கொள்ளும்.

ஆக எங்களிடம் இரண்டு பாதிகள் இருந்தன. சி.டி.யில் படம் இருக்கிறது, குரல் இல்லை. கேசட்டில் குரல் இருக்கிறது, படம் இல்லை. குரலை மட்டும் போட்டுக் கேட்டால் "தோ அங்கேருந்து இதுவரைக்கும்" என்கிறது. எங்கேயிருந்து எதுவரைக்கும்? படத்தை மட்டும் பார்த்தால் கை நீள்கிறது. அந்தக் கை எதைச் சொல்கிறது? இரண்டும் சேர்ந்தால்தான் அது சாட்சி. கேசட்டின் ஒலியை சி.டி.யின் படத்தோடு சேர்ப்பதுதான் வேலை.

முதல் தப்பு. டெக்கின் பின்னாலிருந்து ஒயர் போட்டு, கம்ப்யூட்டரில் நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் ஒலியைப் பதிவு செய்தேன். சி.டி.யின் ஒலிக்கணக்கு 44,100. சேர்க்கும்போது எங்கோ ஒரு கட்டத்தில் 48,000-ஐ 44,100 என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டேன். ஒலி நூற்றுக்கு எட்டுக்கு மேல் நீண்டுவிட்டது. ஒரு மணி நேரம் 65 நிமிஷம் 18 நொடி ஆகும். ஆயா குரல் கட்டைக் குரலாகிவிட்டது. இருபது வருஷம் ஆகிப்போனதே, நமக்குத்தான் குரல் மறந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். எங்க அத்தைதான் கேட்டுவிட்டு, "இது எங்கம்மா இல்லடா" என்றது. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் குரலோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது தப்பு பெரிசு. சினிமாவில் ஷாட்டுக்கு முன்னால் கட்டை அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கட்டை மூடுகிற படமும் 'டக்' என்ற சத்தமும் ஒரே கணம். அதை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்துவார்கள். நம்ம கூட்டத்தில் கட்டை ஏது? ஆனால் பறை இருந்தது. ஆயா மேடை ஏறுவதற்கு முன்னால் பசங்கள் பறை அடித்தார்கள். குச்சி தோலில் படுகிற படம் தெளிவாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒலியின் அலை வரைபடத்தில் ஒவ்வொரு அடியும் செங்குத்தாக முள் மாதிரி நிற்கிறது. முதல் அடியின் முள்ளை, குச்சி படுகிற படத்துக்கு நேராக வைத்தேன். பொருந்தியது. அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் நம்ம போராட்டம்தான், நம்ம கலை என்று மறுபடி எடுத்ததும் நம்ம போராட்டம்தான். அது இப்படி ஒரு வேலைக்கும் ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

உற்சாகத்தில் அப்படியே முடித்துக் காலனியில் திரை கட்டிப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் ஆயா குரலைக் கேட்டு உருகிப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்க பெரிப்பா மட்டும், அதாவது ஆயாவின் மூத்த மகன், திடீரென்று எழுந்து நின்றார்.

"டேய் நிறுத்து. எங்கம்மா கெழக்கன்னு சொல்லிட்டு தெக்க கைய காட்டுதா? நாலு திசை தெரியாத பொம்பளையா அது?"

வயசானவர், கண் சரியில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. படத்தில் ஏரிக்கரை தெரிகிறது, அது மேற்கு. அதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. "கெழக்க ஒத்தப் பனமரம்" என்று குரல் சொல்லும்போது கை ஏற்கெனவே தெற்குக்குப் போய்விட்டது. எந்தப் பனைமரம் இன்றைக்கு இல்லையோ, அது நின்ற இடத்துக்கு அந்தக் கை ஒன்றுதான் சாட்சி. அந்தக் கையை நான் பொய்சாட்சி ஆக்கிவிட்டேன்.

வூட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஆயா பேசி முடித்ததும் மறுபடி பறை அடித்திருக்கிறார்கள். முதல் பறையிலிருந்து கடைசிப் பறை வரைக்கும் கேசட்டின் ஒலியில் 24 நிமிஷம். சி.டி.யின் படத்தில் 23 நிமிஷம் 58 நொடி. இரண்டு நொடி துண்டு விழுகிறது. பேங்கில் ரெண்டு ரூபாய் இடித்தாலே சாயங்காலம் வூட்டுக்குப் போக முடியாது. இதில் தலையில் மட்டும் பொருத்திவிட்டு வாலைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது தப்பு, அந்த இரண்டு நொடியை நான் சரி செய்த விதம். இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டி மென்பொருளில் ஒலியைக் கொஞ்சம் சுருக்கலாம். 1440 நொடியை 1438 ஆக்கினேன். தலையும் வாலும் பொருந்திவிட்டன. நடுவில் பார்த்தால் ஓர் இடத்தில் குரல் முக்கால் நொடிக்கு மேல் முந்துகிறது, கொஞ்சம் தள்ளி ஒரு நொடி பிந்துகிறது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். படமும் ஒலியும் விலகுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெல்ல மெல்ல விலகுவது. பதிவு செய்த இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் கொஞ்சம் வித்தியாசமாக ஓடினால் இது வரும். ரெண்டு கெடியாரத்தை ஒன்றாக வைத்தாலும் ஒரு வாரத்தில் ஒரு நிமிஷம் விலகும் இல்லையா, அந்த மாதிரி. இதற்கு ஒலியை ஒரே சீராக நீட்டலாம், சுருக்கலாம். இன்னொன்று, ஓர் இடத்தில் சட்டென்று தாவுவது. பழைய நாடாவின் படச்சைகை தடுமாறும்போது, அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற அட்டை சில ஃபிரேம்களை விட்டுவிடும். ஒலி விடாமல் ஓடும், படம் குறையும். இதைச் சுருக்கிச் சரி செய்தால், ஓர் இடத்துக் குற்றத்தை நாடா முழுக்கப் பரப்புகிறோம். சரியாக இருந்த இடமும் கெடும்.

தாவிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சுக்கு நடுவில் பறை இல்லை. கைதட்டல் உதவாது, நூறு பேர் நூறு கணத்தில் தட்டுகிறார்கள். உதட்டைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் பகரத்துக்கும் மகரத்துக்கும் இரண்டு உதடும் மூடியே ஆக வேண்டும். தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. பஞ்சமி, பனமரம், மேக்க, மாமனாரு என்று ஆயா சொல்கிற இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதடு மூடுகிற ஃபிரேமையும் குரல் அடைபடுகிற இடத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் பறையிலிருந்து 11 நிமிஷம் வரைக்கும் வித்தியாசமே இல்லை. 11 நிமிஷம் தாண்டியதும் ஒரேயடியாக 50 ஃபிரேம். நம்ம நாட்டு வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். ஐம்பது என்றால் இரண்டு நொடி. கடைக்காரர் சி.டி.யாக மாற்றிய அன்றைக்கு அங்கே விழுந்த ஓட்டை அது. ஆயா ஒவ்வொரு எல்லையாகத் திரும்பக் காட்ட ஆரம்பித்ததும் அந்த ஓட்டைக்கு அப்புறம்தான்.

ஓட்டையை என்ன செய்வது? குரலில் இரண்டு நொடியை வெட்டிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். நாங்கள் வெட்டவில்லை. படம் இல்லாத அந்த 50 ஃபிரேமுக்குக் கறுப்பு வைத்தோம். திரை கறுப்பாகும், ஆயா பேசிக்கொண்டே இருக்கும், மறுபடி படம் வரும். அந்தக் குரலை ஒரு தடவை வெட்டியாச்சு. இனிமே ஒரு எழுத்தும் வெட்டக் கூடாது.

இன்னும் ஒரு சின்ன விஷயம் பாக்கி. பறைக்குப் பொருத்தினால் ஆயாவின் குரல் உதட்டைவிடச் சற்று முந்துவது போலவே இருந்தது. ரொம்ப நாள் புரியவில்லை. பெரிப்பாவிடம் கேட்டேன், குழாய் ஸ்பீக்கரை எங்கே கட்டியிருந்தார்கள் என்று. "கேமராக்காரன் தலைக்கு மேல, மூங்கில்ல" என்றார். விடை கிடைத்துவிட்டது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். கேமரா மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தது என்று வையுங்கள். மைக் இல்லாத பறைச்சத்தம் காற்றில் நடந்து வர 50 மில்லிநொடி ஆகும், ஒரு ஃபிரேமுக்கு மேல். ஆயாவின் குரல் ஒயரில் வந்து கேமராவுக்குப் பக்கத்துக் குழாயில் அந்தக் கணமே கேட்டுவிடும். பறையைக் கண்ணுக்குச் சரியாகப் பொருத்தினால் குரல் 50 மில்லிநொடி முந்தும். ஒலி முந்தினால் 45 மில்லிநொடியிலேயே மனுசக் கண் கண்டுபிடித்துவிடும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது என்று ஒளிபரப்புக்கான சர்வதேச அமைப்பின் பரிந்துரையே இருக்கிறது. இயற்கையில் மின்னலுக்கு அப்புறம்தானே இடி. அதனால் கடைசியாகப் பொருத்துவதை உதட்டுக்குப் பொருத்தினேன். பறை ஒரு துளி பின்னால் கேட்கட்டும். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் காதிலும் அப்படித்தான் கேட்டது.

தோழர்களே, இது எங்க வூட்டுக் கதை மட்டும் இல்லை. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்களின் ஒரு தேவாலயத்தில் அரேதா ஃபிராங்ளின் இரண்டு இரவு பாடினார். சிட்னி பொல்லாக் என்ற பெரிய இயக்குநர் படம் எடுத்தார். ஷாட்டுக்கு ஷாட் கட்டை அடிக்க விட்டுவிட்டார்கள். எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று பொருத்த முடியாமல் படம் கிடங்குக்குப் போய்விட்டது. பாட்டுத்தட்டு மட்டும் அதே வருஷம் வந்து லட்சக்கணக்கில் விற்றது. முப்பத்தைந்து வருஷம் கழித்து ஆலன் எலியட் என்பவர் அந்தப் படச்சுருளை வாங்கி, கம்ப்யூட்டரில் பொருத்திச் சேர்த்தார். அதற்கப்புறமும் தன் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று அரேதா கோர்ட்டுக்குப் போனார். அவர் இறந்தபிறகு 2018-இல்தான் 'அமேசிங் கிரேஸ்' வெளியே வந்தது. அந்த ஜனங்களின் பாட்டை உலகம் கேட்டது. பாடும்போது வழிகிற வியர்வையையும், கேட்கிற முகங்களையும் பார்க்க 46 வருஷம் ஆனது. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. குரலும் முகமும் யாருடையதோ, அவர்கள் சம்மதம் முக்கியம். எங்க ஆயாவைக் கேட்க முடியாது. அதனால் அதன் பிள்ளைகள் நாலு பேரையும் கேட்டுவிட்டுத்தான் காலனிக்கு வெளியே காட்டினோம்.

1991 மார்ச்சில் அதே லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் அடித்ததை ஒருவர் வீட்டு மாடியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. கோர்ட்டில் போலீஸ் தரப்பு வக்கீல்கள் அதே படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். அடி அடியாகத் தெரியாமல் தனித்தனி அசைவாகத் தெரிந்தது. 1992 ஏப்ரலில் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை, மற்ற எல்லாவற்றிலும் விடுதலை. படத்தை மெதுவாக்கினால் நேரம் போய்விடும், நேரத்தோடு ஒலியும் போய்விடும். ஒலி இல்லாத படத்தை யாரும் எப்படியும் பேச வைக்கலாம்.

நம்ம பக்கம் வருவோம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஜப்பானில் வி.எச்.எஸ். வந்து அப்போ இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம்ம கையில் ஒன்றும் இல்லை. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்து, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அப்போ கேமராக்கள் இருந்தன. ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' எடுத்தார். 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் 10 பேரைச் சுட்டார்கள். அதைத் தாங்காமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். ஆனந்த் பட்வர்தன் 1980களிலேயே கோக்ரே பாடுவதைப் படமெடுத்து வைத்திருந்தார். 14 வருஷம் உழைத்து 2011-இல் முடித்த 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தில் கோக்ரே குரலோடு திரும்பி வருகிறார்.

இந்தச் சம்பவங்களில் எல்லாம் விசாரணையில் வருகிற கேள்வி ஒன்றுதான். எது முன்னே, எது பின்னே? கல் முன்னேயா, தடி முன்னேயா? ஆணை முன்னேயா, குண்டு முன்னேயா? இரண்டு நொடி தவறினால் முன்னது பின்னதாகிவிடும். எங்க பனைமரம் கிழக்கிலிருந்து தெற்குக்குப் போனது இரண்டு நொடியில்தான்.

இன்றைக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. யார் உதட்டையும் எந்தச் சொல்லுக்கும் அசைய வைக்கிற மென்பொருள் செல்போனிலேயே வந்துவிட்டது. எங்கள் நாடாவில் 40 நொடி கசங்கிப் போய்க் குரலே இல்லை. "உன் அத்தை குரல் அப்படியே ஆயா குரல்தான், அத பேச வச்சி ஒட்டிடு" என்று ஒரு தோழர் அன்போடு சொன்னார். கம்ப்யூட்டரே ஆயா குரலைச் செய்து கொடுக்கும் என்று இன்னொருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒரு சொல்லை ஒட்டினோம் என்று தெரிந்தால், மிச்சம் 23 நிமிஷத்தையும் எதிராளி பொய் என்பான். அந்த 40 நொடிக்குப் படம் ஓடும், சத்தம் இருக்காது, 'நாடா சிதைந்துள்ளது' என்று கீழே எழுத்து வரும்.

அதனால் வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில விஷயம்.

பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்றிய பிறகும். மூலம் அதுதான். பின்பக்கச் சதுர மூடி உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் அதை உடைத்துவிடுங்கள். அப்போதான் தவறுதலாக மேலே பதிவாகாது.

கேசட்டில் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். ஹை-ஃபை கேமராவில் எடுத்திருந்தால் ஒலி இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கும். ஓரத்தில் ஒன்று, படத்துக்கு அடியிலேயே ஒன்று. 'ஆடியோ டப்' பட்டனை அழுத்திப் பாட்டுப் போட்டவர் ஓரத்து ஒலியைத்தான் அழித்திருப்பார். படத்துக்கு அடியில் இருக்கிறதைப் படத்தை அழிக்காமல் அழிக்க முடியாது. ஹை-ஃபை டெக் கிடைத்தால் அதில் போட்டுக் கேளுங்கள்.

ஒலியைப் பதியும்போது இரைச்சல் நீக்கம், தானாக ஒலி கூட்டுவது எதுவும் வேண்டாம். முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி. அழகு பண்ணுவது அதற்கப்புறம், வேறு பிரதியில்.

தலை, நடு, வால் மூன்று இடத்திலும் பொருத்திப் பாருங்கள். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 2024 ஜூலை முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். அந்த எண் கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். முதல் பிரதி எடுத்த அன்றைக்கே குறித்து வையுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள். டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனி என்று சொல்லப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2025-க்குள் மாற்றாத நாடாக்களில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணகம் 2015-லேயே எச்சரித்தது. அது குளிர்சாதன அறையில் வைத்த நாடாக்களுக்கு. நம்மது ஓட்டு வூட்டுப் பரண்.

திருத்திய படத்தைக் காலனியில் மறுபடி போட்டோம். பெரிப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். "கெழக்க" என்றது குரல். கை கிழக்கே போனது. அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மேடை போட்ட இடத்தில் நின்று, ஆயா கை காட்டிய திசையில் நடந்தார். மரம் இல்லை. அது நின்ற மேட்டையும் பக்கத்து வரப்பையும் அடையாளம் காட்டினார். சர்வே எண்ணோடு ஒப்பிட்டு மனு எழுதியிருக்கிறோம். குறுந்தகடும் நோட்டின் நகலும் மனுவோடு போயிருக்கின்றன. நிலம் இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'எங்கே இருக்கிறது உங்க நிலம்' என்று இனிமே யாராவது கேட்டால், ஆயா எழுந்து பதில் சொல்லும்.

பேசியது போதும். டெக் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இங்கேயே இருக்கும். பையில் கேசட்டு கொண்டு வந்திருக்கிறவர்கள், பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் மெக்கானிக் தோழரிடம் காட்டிவிட்டு வரிசையில் வாருங்கள். கேசட்டில் பேசுவது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் வூட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இப்பவே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.